சம்பந்தி தந்த ஓர்க்கிட்

ஒஸ்லோ நகரத்துக்குள் ட்ராம் ஓட்டும் யோசெப்பினுக்கு அதுவரை ஒரு செடியும் கைகொடுத்ததில்லை. பனியில் தண்டவாளம் வழுக்கினாலும், சைக்கிள்காரன் குறுக்கே பாய்ந்தாலும், அவ்வளவு பெரிய வண்டி அவள் சொன்ன இடத்தில் நிற்கும். ஆனால் மோர்டென்ஸ்ருட்டில் இருக்கும் வீட்டுக்கு வந்து ஒரு கறிவேப்பிலைக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றினாளென்றால், மாதம் முடிவதற்குள் அது மண்டையைப் போட்டுவிடும். கள்ளிச்செடிகூட அவளிடம் தப்பவில்லை. கள்ளியையே அழுகவைத்தவள் என்று, வேலையிடத்துச் சாப்பாட்டறையில் தன்னைத் தானே அறிமுகப்படுத்திக்கொள்வாள்.

அதனால் தை மாதத்தில், மகள் யூலியாவின் காதலன் எய்ரிக்குடைய தாய் முதன்முதலாக வீட்டுக்கு வந்து, ஊதாப் புள்ளிகள் போட்ட ஓர்க்கிட் ஒன்றை நீட்டியபோது யோசெப்பின் அதை இரண்டு கையாலும் தூரப் பிடித்தபடி வாங்கிக்கொண்டாள். அந்த அம்மாவின் பெயர் மாரித். பள்ளிக்கூட அதிபர். நேராக நிமிர்ந்து இருந்து, கோழிக்கறியின் உறைப்புக்குக் கண்ணீர் வழிய வழிய, மிகவும் சுவையாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டவர். அப்படிப்பட்ட மனுசி தந்த பூச்செடி வெறும் பூச்செடியாக இருக்க முடியாது என்று யோசெப்பின் முடிவுகட்டினாள். இது ஒரு பரீட்சை. இந்த வீட்டில் ஒரு உயிரை எப்படி வைத்துப் பார்க்கிறார்கள் என்று அறிந்துகொள்ளத்தான் தந்திருக்கிறார்.

பரீட்சையில் சித்தியடைய வேண்டுமென்று அவள் காலையில் வேலைக்குப் போகுமுன் தண்ணீர் விட்டாள். வந்ததும் விட்டாள். இலை சோர்ந்ததுபோலத் தெரிந்தால் இடையிலும் விட்டாள். பூக்கள் ஒவ்வொன்றாகக் கொட்டின. பாஸ்குத் திருநாள் வருவதற்குள் தண்டு காய்ந்து, மொத்த இலைகளும் பழைய தோற்பைபோலத் தொங்கிவிட்டன. கடைசியில் தேவாலயத்திலிருந்து கொண்டுவந்த தீர்த்தத்தையும் எடுத்துத் தெளிக்கப் போனாள்.

கணவன் யேசுரட்ணம் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "அதுக்கு வந்த வருத்தமே தண்ணிதான். நீர் மாதாவின்ரை பேராலையும் இன்னும் கொஞ்சம் ஊத்தப் போறீரோ?"

அப்போதுதான் சாடிக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். பளபளக்கும் அந்த வெளிச்சாடியின் அடியில் தண்ணீர் குளமாகத் தேங்கிக் கிடந்தது. செடியை உருவி எடுத்தபோது வேர்கள் கபில நிறத்தில் கூழாகி, அழுகல் நாற்றம் மூக்கில் அடித்தது. வேறு வழியில்லாமல் இணையத்தில் தேடினாள். ஓர்க்கிட் மரத்தில் ஒட்டி வளர்கிற சாதி, அதன் வேருக்குக் காற்றுத்தான் முதலில் வேண்டும், தண்ணீர் பிறகு என்று போட்டிருந்தது. தான் இவ்வளவு நாளாக ஒரு பறவையைப் பிடித்துக் கிணற்றுக்குள் வைத்து வளர்த்திருக்கிறாள் என்று அவளுக்கு விளங்கியது.

கத்தரிக்கோலைக் கொதிநீரில் போட்டெடுத்து அழுகியதையெல்லாம் வெட்டினாள். வெட்ட வெட்ட அழுகலாகவே வந்தது. மிஞ்சியவை மூன்று இலைகளும், பச்சையாக இரண்டு குட்டி வேர்களும்தான். கடையில் வாங்கிய மரப்பட்டைத் துண்டுகளில் அதை நிற்கவைத்து, ஈரம் காயாமலிருக்க மேலே ஒரு பொலித்தீன் பையைக் கவிழ்த்து, தண்ணீர்க் குவளையைத் தன் கண்ணில் படாத இடத்தில் ஒளித்துவைக்கும்படி யேசுரட்ணத்திடம் கொடுத்தாள். குடியை விட முயல்கிறவனின் வீட்டில் போத்தலை ஒளிப்பதுபோல அவரும் ஒளித்துவைத்தார்.

வைகாசியில் புதிதாக ஒரு வேர் நுனி எட்டிப் பார்த்தது. அவள் அதைப் படமெடுத்து யூலியாவுக்கு அனுப்பினாள். யூலியா ஒரு கட்டைவிரலை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டு, மாலையில் வேறு செய்தி சொன்னாள். எய்ரிக்கின் பெற்றோரை ஆனி மாதத்தில் அம்மா வீட்டுத் தோட்டத்தில் கிரில் போட்டு இறைச்சி சுடக் கூப்பிட்டிருக்கிறாளாம்.

யோசெப்பினுக்கு மறுபடியும் தண்ணீர்க் கை துறுதுறுத்தது. வீட்டுக்குள் வைத்திருந்தால் தானே அதைக் கொன்றுவிடுவாள் என்று தெரிந்தது. கோடையில் இரவும் குளிராத காலத்தில் ஓர்க்கிட்டை வெளியே விடலாம் என்று எங்கோ வாசித்திருந்தாள். காற்றும் மழையும் அதைப் பார்த்துக்கொள்ளட்டும். நல்ல வெயில் நாளொன்றில் புல்வெளியின் நடுவே, முழு வெளிச்சத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டுச் சந்தோசமாக வேலைக்குப் போனாள். திரும்பி வந்தபோது ஓர் இலையில் வெள்ளையாகப் பொத்தல்போலப் பெரிய தழும்பு. செடியை வெயில் சுட்டுவிட்டது. வெப்ப நாட்டுச் செடியென்றால் வெயிலைத் தாங்கும் என்று நினைத்திருந்தாள். தானும் வெப்ப நாட்டில் பிறந்தவள்தான், ஆனாலும் அந்த வெயிலில் பத்து நிமிடம் நின்றால் தலையிடிக்கும் என்பது அவளுக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

பிறகு அதைக் கம்பிக் கூடையில் வைத்து, வேலியோரத்து ரோவன் மரத்தின் நிழலில், தாழ்ந்த கிளையில் கட்டினாள். அங்கே அது ஆச்சரியமாகத் தேறியது. மழை நனைத்தது, காற்று காயவைத்தது. வேர்கள் கம்பிக்கு வெளியே நீண்டன. யோசெப்பின் அக்கம்பக்கத்தாருக்கு ஓர்க்கிட் வளர்ப்பது பற்றி ஆலோசனை சொல்லவும் தொடங்கினாள். ஒருத்தரும் கேட்கவில்லை என்பதை அவள் பொருட்படுத்தவில்லை.

விருந்தாளிகள் வரும் சனிக்கிழமை காலையில் கோப்பியோடு வெளியே வந்தவள் அப்படியே நின்றாள். காட்டுப் பக்கத்திலிருந்து வந்த மான் ஒன்று ரோவன் மரத்தடியில் நிதானமாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்தது, விழுங்கியது, போய்விட்டது. கூடையில் ஒன்றரை இலை மிஞ்சியிருந்தது. முழுதாக இருந்த அந்த ஒன்றும் வெயில் சுட்ட இலை.

"அம்மா, ஸ்லாப் அவ்," என்றாள் யூலியா. பதறாதே என்பதை அவள் நோர்வேஜிய மொழியில்தான் சொல்லுவாள். "அவ அதை எப்பவோ மறந்திருப்பா."

"அதிபர்மார் ஒண்டையும் மறக்காயினம்," என்றாள் யோசெப்பின்.

கடைக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள். அங்கே வெள்ளை ஓர்க்கிட்தான் இருந்தது. வெறுங்கையோடு திரும்பி வந்து, மாரித்தின் நாற்காலியை மரத்துக்கு முதுகு காட்டும்படி போட்டாள். சாப்பாடு முடியும்வரை எல்லாம் சரியாகத்தான் போனது. மாரித் எழுந்து தோட்டத்தைச் சுற்றி நடந்தார். ரோவன் மரத்தடியில் நின்று, இதென்ன விநோதமான செடி என்று கேட்டார்.

யோசெப்பின் காலையிலிருந்து மனப்பாடம் செய்திருந்ததை ஒப்புவித்தாள். தண்ணீர், அழுகல், கத்தரிக்கோல், பொலித்தீன் பை, வெயில், கடைசியாக மான். தன் ட்ராம் ஓட்டுநர் சீருடையைப் பறிகொடுக்கப் போகிறவள்போல அவள் குரல் தடுமாறியது. மாரித் முழுவதையும் கேட்டுவிட்டு, "இது நான் தந்ததா? இன்னும் உயிரோடு இருக்கிறதா?" என்றார்.

பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். தை மாதம் முதல் தடவை வரும் வழியில், தமிழர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்று எய்ரிக் காரில் வைத்துச் சொன்னானாம். மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த கடையில் கைக்கு அகப்பட்டதை எடுத்தாராம். ஓர்க்கிட்டை எப்படி வளர்ப்பதென்று அவருக்கும் தெரியாது. பூ கொட்டியதும் குப்பையில் போட்டுவிடுவார். எல்லோரும் அப்படித்தானே செய்கிறார்கள் என்று கேட்டார்.

ஐந்து மாதம். யோசெப்பினுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. யேசுரட்ணம் கிரில் புகைக்குப் பின்னால் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவருடைய தோள் குலுங்கியதைப் பார்த்த பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பரீட்சை வைத்தவரே பாடத்தைப் படித்திருக்கவில்லை.

அடுத்த கிழமை மாரித் பூ உதிர்ந்த ஓர்க்கிட் ஒன்றோடு வந்தார். அதற்கடுத்த கிழமை ஆசிரியர் அறையிலிருந்து இரண்டு. மான் எட்டாதபடி உயரக் கிளைகளில் கட்டுவதற்கு இரண்டு பெண்களும் மாறி மாறி ஏணி பிடித்தார்கள். யோசெப்பின் ஏணியில் நின்றபோதுதான், பிள்ளைகள் கலியாணம் கட்டாமல் ஒன்றாக வாடகைக்கு வீடு எடுக்கப் போகிற கதையை மாரித் கீழே நின்று சொன்னார். யோசெப்பினுக்கு அது பிடிக்கவில்லை. கீழே இறங்கி, பிடிக்கவில்லை என்று அவரிடமே சொன்னாள். தனக்கும் வாடகை வீடு பிடிக்கவில்லை என்றார் மாரித். இருவரும் வேறு வேறு காரணத்துக்காக ஒரே பக்கம் நின்றார்கள்.

புரட்டாதியில் இரவுகள் குளிரத் தொடங்கியதும் எல்லாவற்றையும் உள்ளே எடுத்தாள். இரண்டு செத்துப்போயின. மான் கடித்ததில் ஒரு பச்சை முளை வந்தது. வேராக்கும் என்று விட்டுவிட்டாள். அது பூந்தண்டு என்று மார்கழியில்தான் நிச்சயமானது. நான்கு மொட்டுக்கள். அவை யன்னல் பக்கமாகத் திரும்பியிருந்ததால், வருகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று சாடியைத் திருப்பிவைத்தாள். மறுநாள் ஒரு மொட்டு விழுந்து கிடந்தது.

மிச்சம் மூன்றும் மலர்ந்த அன்று மாரித்துக்குத் தொலைபேசி எடுத்து, மூன்று பூ வந்திருக்கிறது என்று பெருமையாகச் சொன்னாள்.

"சாடியைத் திருப்பாதிருந்தால் நாலு," என்று, மாரித்துக்கும் விளங்கும்படி, பக்கத்திலிருந்து யேசுரட்ணம் நோர்வேஜிய மொழியில் சத்தமாகச் சொன்னார்.