சிம் போடாத பெட்டி

வழி கேட்பதென்றால் செல்வகுமாரிக்கு வேப்பெண்ணெய் குடிக்கிற மாதிரி. பூரணாங்குப்பத்திலிருந்து காலையில் கிளம்பி, தவளக்குப்பத்தில் ஜெயாவின் வாடகைக் கடையில் நாற்காலியும் பந்தல் சாமானும் ஏற்றிக்கொண்டு, பாகூர், வில்லியனூர் பக்கத்துக் கிராமங்களுக்கெல்லாம் தன் குட்டியானை வண்டியில் கொண்டுபோய் இறக்குவதுதான் அவள் பிழைப்பு. கல்யாணமோ கருமாதியோ, ஆள் வருவதற்கு முன்னால் நாற்காலி போய்ச் சேர வேண்டும். ஆனால் இந்தப் பக்கத்தில் வழி கேட்டால் வழியை மட்டும் சொல்லிவிட்டு விடுவார்களா? எந்த ஊரு நீ, யாரு வூட்டுப் பொண்ணு, புருசன் இன்னா வேலை, பொம்பளைக்கு லோடு வண்டி இன்னாத்துக்கு என்று குலம் கோத்திரம் வரை விசாரித்துவிட்டு, கடைசியில் "எனக்கும் சரியா தெரியாதும்மா" என்பார்கள்.

போனில் இருக்கிற மேப்பை நம்பலாம் என்றால் அதுவும் காலை வாரியது. யாராவது கூப்பிட்டால் வழி மறைந்துவிடும். உச்சி வெயிலில் போன் சூடேறி அணைந்துவிடும். பாண்டிச்சேரியும் தமிழ்நாடும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கிற ஊர்ப்பக்கம் இது. ஒரு ஊர் இந்த மாநிலம், அடுத்த ஊர் அந்த மாநிலம், அதற்கடுத்தது மறுபடி இந்த மாநிலம். உள்ளே போகப் போக சிக்னல் எந்த மாநிலத்திலும் ஒழுங்காக நிற்காது.

போன மாதம் ஒரு வளைகாப்புக்கு லோடு கொண்டுபோனபோது மேப் அவளை ஒரு கரும்புத் தோட்டத்துக்குள் கொண்டுபோய் விட்டுவிட்டுச் செத்துப்போனது. வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு ஆள் தேடி நடந்தாள். நாற்காலி போய்ச் சேர்ந்தபோது ஊர் முழுக்கச் சாப்பிட்டுக் கை கழுவியிருந்தது. அந்த வீட்டுக்காரர் திட்டியதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். வேறொன்றைத்தான் தாங்க முடியவில்லை. தமிழ்நாட்டுப் பக்கம் கரும்புக் கொல்லை ஓரமாக அவள் வண்டி ஆளில்லாமல் நின்றதை எவனோ பார்த்து, அதற்குக் கண்ணும் காதும் மூக்கும் வைத்து அவள் புருஷன் மணவாளனிடம் சொல்லிவிட்டான்.

மணவாளன் கெட்டவன் இல்லை. பாகூர் ரோட்டில் ஒரு கம்பெனியில் வேலை, குடி கிடையாது, கை நீட்டமாட்டான். ஆனால் ஊர் என்ன சொல்லும் என்பதிலேயே பாதி உயிரை வைத்திருப்பவன். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவன் அந்த உலைமூடியைத் தேட ஆரம்பித்தான்.

"வண்டியில ஜிபிஎஸ் மாட்டணும். நீ எங்க இருக்கன்னு என் போன்ல தெரியணும்" என்றான்.

"நான் எங்க இருக்கேன்னு எனக்குத் தெரியும்யா. எப்டி போவணும்னு தான் தெரியல. எனக்கு வழி காட்டற பெட்டி வேணும்" என்றாள்.

இருவரும் அவரவர் பிடிவாதத்தோடு மூலக்குளத்தில் ஒரு கடைக்குப் போனார்கள். கடைக்காரன் ராஜேஷ் வாய் நிறைய சிரித்தான்.

"உங்க தேவை இன்னான்னு சொல்லுங்கண்ணே. அதுக்கு ஏத்த மாதிரி காட்டறேன்" என்றான், மணவாளனைப் பார்த்து. வண்டி செல்வகுமாரியுடையது. ஆர்சி புத்தகத்தில் அவள் பெயர். ஓட்டுவது அவள், பஞ்சரானால் ஸ்பேனரோடு கீழே படுப்பதும் அவள். ஆனாலும் தேவை அண்ணனுக்குத்தான்! செல்வகுமாரிக்கு உள்ளங்காலிலிருந்து எரிந்தது.

"எனக்கு சிக்னல் இல்லாத எடத்துலயும் வழி காட்டணும். வெயில்ல தெரியணும். போன் வந்தா மறையக் கூடாது. தமிழ்ல சொல்லணும். தமிழ்நாட்டு ரோடும் அதுலயே இருக்கணும்" என்றாள்.

ராஜேஷ் மறுபடி மணவாளனைத்தான் பார்த்தான். மணவாளன், "அதெல்லாம் இருக்கட்டும்பா. வண்டி எங்க போவுதுன்னு எனக்கு காட்டற மாதிரி இன்னா இருக்குது?" என்றான்.

உடனே தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்பு டப்பா வந்தது. உள்ளே ஒரு சிம். அதை வண்டிக்கு அடியில் மாட்டிவிட்டால் வண்டி போகிற இடமெல்லாம் அண்ணன் போனில் ஒரு புள்ளியாக நகரும். எல்லை ஒன்று குறித்து வைத்தால், வண்டி அதைத் தாண்டியதும் போன் சங்கு ஊதும். பிடிக்கவில்லையென்றால் திருப்பித் தரலாம், ஒரு நாள் சும்மா மாட்டிப் பாருங்கள் என்றான் ராஜேஷ்.

"பாண்டிச்சேரியைத் தாண்டுனா ஊதணும். அப்டி வையி" என்றான் மணவாளன்.

இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவன். பாண்டிச்சேரியை விட்டு வெளியே போகாமல் பாண்டிச்சேரிக்குள்ளேயே போய் வர முடியாது என்பது அவனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் சந்தேகம் பிடித்தவனுக்குத் தெரிந்ததெல்லாம் மறந்துபோகும். செல்வகுமாரி நினைத்திருந்தால் அங்கேயே சொல்லியிருக்கலாம். அவனே பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

"மாட்டிக்கோ. நாளைக்கு சாயங்காலம் இதே கடைக்கு வந்து எது வேணும்னு நான் சொல்வேன். வண்டி எம் பேர்ல இருக்குது" என்று மட்டும் சொன்னாள். வெளி ஆள் எதிரில் அவனை ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. வெளியிடத்தில் அவள் எப்போதும் 'நீங்க' போடுகிறவள்.

மறுநாள் பாகூருக்கு மேற்கே, பங்காரு வாய்க்கால் கரையோரத்து ஊர் ஒன்றில் காதுகுத்து. புது ஊர் அவளுக்கு. நாற்காலியை ஏற்றிக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். பாகூர் ஏரியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் போன் அடித்தது. மணவாளன். ஓட்டும்போது அவள் போன் எடுக்கமாட்டாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அடித்தது, மறுபடியும் அடித்தது. ரோடு தமிழ்நாட்டுக்குள் நுழைவதும் வெளியே வருவதுமாக நெளிந்துகொண்டிருந்தது. அந்தந்த இடத்தில் போன் அலறியது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

வழி தெரியாமல் ஒரு டீக்கடையில் நிறுத்திக் கேட்டாள். வழக்கம்போல விசாரணை. "புருசன் இன்னா பண்றாரு?" என்றார் கடைக்காரர். "என்னைத் தேடிக்கினு இருக்காரு" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.

காதுகுத்து வீட்டில் இறக்கும்போதுதான் போனை எடுத்தாள். காதில் முதலில் விழுந்தது மணவாளன் குரல் இல்லை, நாலைந்து பேர் சிரிக்கிற சத்தம்.

"எங்கடி இருக்க? போன் ஊதிக்கினே இருக்குது! கம்பெனியில எல்லாரும் வேலைய வுட்டுட்டு எம் போனையே பாக்கறானுங்க. 'மணவாளா, உம் பொண்டாட்டி மறுபடி தாண்டிட்டா'ன்றானுங்க!"

வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவனே மூட்டை மூட்டையாக அவல் கொடுத்திருந்தான். எந்த ஊர் வாய்க்குப் பயந்து டப்பாவை மாட்டினானோ, அந்த வாய் இப்போது அவன் சட்டைப்பையிலேயே உட்கார்ந்து கூவிக்கொண்டிருந்தது.

"வேலையில இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்றாள்.

"இரு, அங்கயே இரு. பர்மிஷன் போட்டுட்டேன். வரேன்" என்று வைத்துவிட்டான்.

வந்தான். கடைசி நாற்காலியை இறக்கிவிட்டு அவள் முகம் துடைத்துக்கொண்டிருந்தபோது எதிர்க்கரையில் அவன் பைக் வந்து நின்றது. நடுவில் பங்காரு வாய்க்கால், மழைத் தண்ணீர் கரைமுட்ட ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு அவன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான்.

"எப்டி அந்தாண்ட வர்றது?" என்று கத்தினான்.

"ஜிபிஎஸ் உங்கையில தான இருக்குது? அதக் கேளு!"

"இது நீ நிக்கறத தான் காட்டுது! வர்ற வழிய காட்டல!"

"அதத்தான்யா நேத்து கடையில தொண்டை கிழிய சொன்னேன்!"

காதுகுத்துக்கு வந்திருந்த பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். எதிர்க்கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் மணவாளனை நெருங்கினார். அவர் கேட்டதெல்லாம் தண்ணீரைத் தாண்டி இங்கே தெளிவாகக் கேட்டது.

"யாருப்பா நீ? எந்த ஊரு?"

"பூரணாங்குப்பம். அந்தாண்ட போவ வழி எது பெரியவரே?"

"வழி இருக்கட்டும். இன்னா வேலை பாக்கற? வேலை நேரத்துல இங்க இன்னா பண்ற?"

"கம்பெனியில வேலை. பர்மிஷன்ல வந்தேன்."

"அந்தப் பொண்ண பாத்து எதுக்குக் கத்தற? அது யாரு உனக்கு?"

"எம் பொண்டாட்டிங்க."

பெரியவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "பொண்டாட்டின்னா ஒன்னா வராம, அது அந்தக் கரையில, நீ இந்தக் கரையில எதுக்கு நிக்கறீங்க? இன்னா தகராறு?"

மணவாளன் முகம் சுருங்கிப்போனது. வாசலில் நின்ற பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். செல்வகுமாரிக்கு நெஞ்சு குளிர்ந்தது, அதை மறைப்பானேன். எத்தனை ஊரில், எத்தனை டீக்கடையில் அவள் இப்படி நின்று பதில் சொல்லியிருக்கிறாள்! அவனும் ஒரு தடவை நிற்கட்டும். ஆனால் அவன் வெறுமனே பூமியைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அந்தக் குளிர்ச்சி போய்விட்டது. தன் புருஷன் ஒரு வாய்க்கால் கரையில் திருடன் மாதிரி விசாரிக்கப்படுவதைப் பார்க்க அவளுக்கு வேதனையாகத்தான் இருந்தது. வேதனை வந்ததற்காக அவள் மனசை மாற்றிக்கொள்ளவில்லை.

"மேக்கால போ! வர்றப்ப பாத்தேன், மதகு இருக்குது, பைக் போவும்!" என்று கத்தி வழி சொன்னாள்.

அவன் மதகு சுற்றி வந்து சேர்ந்தான். காதுகுத்து வீட்டில் கொடுத்த சோற்றை இருவரும் சாப்பிட்டார்கள்.

சாயங்காலம் கடையில் செல்வகுமாரி வண்டியிலிருந்து கழற்றிய டப்பாவை மேசைமேல் வைத்தாள். "இது வேணாம். நான் நேத்து சொன்னதை எடு."

ராஜேஷ் உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய திரை ஒன்றை எடுத்தான். சிம் கிடையாது. மேப் முழுவதும் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது, சிக்னல் தேவையில்லை. வண்டியிலேயே சார்ஜ் ஏறும். அவள் அதை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் சாய்த்துப் பார்த்தாள். இன்றைக்குப் போன ஊரைப் போட்டாள். தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, வெளியே வந்து, அந்த வாய்க்கால் கரை வரைக்கும் கோடு காட்டியது. தமிழில் பேசவும் பேசியது.

ராஜேஷ் விடவில்லை. இன்னொரு திரையை எடுத்து வைத்தான். "அண்ணே, இதுல ரெண்டும் இருக்குது. அக்காவுக்கு வழியும் காட்டும், உங்களுக்கு வண்டியையும் காட்டும். வேணாம்னா வண்டி காட்டறதை ஆஃப் பண்ணியே வச்சிக்கலாம்."

மணவாளன் முகம் தெளிந்தது. "இதையே வாங்கிக்கலாம் செல்வி. சத்தியமா ஆஃப் பண்ணியே வச்சிக்கறேன்."

"ஆஃப் பண்றது யாரு போன்ல?" என்று ராஜேஷைக் கேட்டாள்.

"அண்ணன் போன்ல தான்."

"அப்ப அது ஆஃப் இல்லப்பா. அண்ணன் தூங்கறாரு, அவ்ளோ தான். எனக்கு சிம் இல்லாததைக் கட்டு."

மணவாளனுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப நீ எங்க இருக்கன்னு எனக்குத் தெரியவே வேணாமா? நான் யாரு உனக்கு?"

கடையில் வேறு இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் காதில் விழட்டும் என்றே அவள் பேசினாள்.

"தெரியணும்யா. ஏன் தெரியக் கூடாது? இந்த வண்டி வாங்குன நாள்லேருந்து நீ என்னைக் கேட்டது ரெண்டே கேள்வி. எப்ப வருவ, சோறு ஆக்கிட்டியா. எந்த ஊருக்குப் போற, ரோடு எப்டி, அங்க இன்னா விசேஷம், ஒரு நாளு கேட்டிருப்பியா? எவனோ சொன்னதும் டப்பா மாட்ட வந்துட்ட. வாய் உனக்கு இல்லையா?"

ராஜேஷ் தலையைக் குனிந்து சிம் இல்லாத திரையை எடுத்து அட்டைப்பெட்டியில் போட்டான். அவள் தன் பையிலிருந்து பணம் எடுத்துக் கொடுத்து, பில்லில் தன் பெயரைத்தான் எழுத வேண்டும் என்று நின்று வாங்கினாள்.

வண்டிக்கு வந்து கண்ணாடியில் பெட்டியை ஒட்டினாள். மணவாளன் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்து அவள் ஜன்னல் பக்கம் நின்றான்.

"நாளைக்கு எங்க லோடு?" என்றான்.

அவள் சாவியைத் திருப்பாமல் அவனைப் பார்த்தாள். "எனக்கோசரம் கேக்கறியா, ஊருக்கோசரம் கேக்கறியா? ஊருக்குன்னா சொல்ல மாட்டேன்."

அவன் சட்டென்று பதில் சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்கமாட்டாள். அவன் யோசித்தான்.

"எனக்குத் தெரியல செல்வி" என்றான்.

"தெரிஞ்சதும் வந்து கேளு. சொல்றேன்" என்று சொல்லிவிட்டு அவள் வண்டியைக் கிளப்பினாள்.