கலவை இறுகுவதற்குள்

என் மாமனார் கட்டட மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வெறும் மண்ணைக் கண்டால் அவருக்குக் கை அரிக்கும். வாசல், பக்கவாட்டுச் சந்து, துணி துவைக்கும் இடம் என்று வீட்டைச் சுற்றி எல்லாவற்றுக்கும் சிமெண்ட் பூசியாகிவிட்டது. மிஞ்சியது சமையலறை ஜன்னலுக்குக் கீழே ஒரு கட்டில் போடும் அளவு மண். அதையும் அவர் விட்டுவைப்பதாக இல்லை. எனக்கோ அந்த மண் வேண்டும். பகல் முழுக்கப் பல்செட் செய்யும் கூடத்தில் அடுத்தவர் ஈறின் அச்சையே பார்த்துக்கொண்டிருப்பவள் நான். வீட்டுக்கு வந்தாலாவது உயிருள்ள ஒன்றைப் பார்க்க வேண்டாமா?

வாக்குவாதம் முற்றியதும் என் கணவர் செய்தித்தாளுக்குள் ஒளிந்துகொண்டார். கடைசியில் மாமனார்தான் இறங்கி வந்தார். மழைக்காலம் முடிந்து கொத்தனார் வரும் காலையில் அங்கே பூ பூத்திருந்தால் மண் எனக்கு, இல்லாவிட்டால் சிமெண்டுக்கு. சொன்ன சொல் மாறாத மனிதர். எனக்குத் தைரியமும் அதுதான், பயமும் அதுதான்.

நான் தேர்ந்தெடுத்தது காலெண்டுலா, சாமந்தி மாதிரி ஒரு பூ. அதன் விதை, வெட்டிப் போட்ட நகம் மாதிரி வளைந்திருக்கும். முட்டை அட்டையில் மண் நிரப்பி முளைக்க வைத்தேன். நாற்று நாலு இலை விட்டதும், கூடத்தில் மெழுகு செதுக்கும் சின்னக் கத்தியால் வேரோடு நெம்பி, தண்டைத் தொடாமல் இலையைப் பிடித்துத் தூக்கி வரிசையாக நட்டேன்.

நட்ட கையோடு வேலை விஷயமாக வெளியூர் போக வேண்டி வந்தது. தண்ணீர் ஊற்றும்படி மாமனாரிடம் சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், பாத்தியைச் சுற்றி மணல் வரப்பு, உள்ளே குளம், அதற்கும் மேலே நனைத்த சாக்கு. புதுச் சிமெண்ட் தளம் வெடிக்காமல் இறுகத் தண்ணீர் கட்டுவது போல என் நாற்றுகளுக்கும் கட்டியிருந்தார். வேண்டுமென்று செய்யவில்லை. காலையும் மாலையும் பொறுப்பாகச் செய்திருக்கிறார். சாக்கை இழுத்தால் பாதிக்கு மேல் அழுகல். எனக்கு ரத்தம் தலைக்கேறியது.

"இது என்ன தளமா மாமா, இறுகறதுக்கு?"

அவர் முகம் சுண்டிப்போனது. "இளசா இருந்துச்சேம்மா. வெயில்ல வெடிச்சிடுமோன்னு பயந்துட்டேன்."

சாக்கைச் சுருட்டி ஓரமாகப் போட்டேன். நாற்று அழுகியதற்காகப் பேசிய பேச்சை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. பிழைத்த நாற்றுகளை மேடு கட்டி மறுபடி நட்டேன். முதல் மொட்டு எட்டிப் பார்த்ததும், பக்கக் கிளை விடட்டும் என்று நுனியைக் கிள்ளினேன். இருந்த பூவுக்கும் உலை வைத்துவிட்டேன் என்று கணவர் தலையில் அடித்துக்கொண்டார். செடி என் பக்கம் இருந்தது. மாமனார் மகள் வீட்டுக்குப் போயிருந்த சமயத்தில் கிளைகிளையாக வெடித்து, பாத்தி முழுக்க ஆரஞ்சு.

கொத்தனார் வருகிற நாளுக்கு முந்தின இரவுதான் அவர் திரும்பினார். விடிந்தால் வானம் மூடிக் கிடந்தது. என் பூக்களும் மூடிக் கிடந்தன. வெயில் பட்டால்தான் அது இதழ் விரிக்கும். பந்தயம் பேசும்போது இந்த மண்டையில் அது உறைக்கவே இல்லை.

மாமனார் குனிந்து பார்த்தார். "எல்லாம் மொட்டாத்தானேம்மா இருக்கு?"

நேற்று விரிந்த பூதான், இருட்டினால் மூடும், வெயில் வந்தால் திறக்கும் என்றேன். வெளியே நின்ற கொத்தனார் வாய்விட்டுச் சிரித்தார். அதற்குள் சித்தாள் கலவையில் தண்ணீரே ஊற்றிவிட்டாள். தண்ணீர் பட்ட கலவை யாருக்காகவும் காத்திருக்காது. எங்கள் கூடத்தில் அச்சு வார்க்கும் மாவும் அப்படித்தான்.

மாமனார் வானத்தைப் பார்த்தார். கலவையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"கொஞ்சம் பொறுப்பா," என்றார் கொத்தனாரிடம். "அந்தப் புள்ள பூன்னு சொல்லுது."

கலவை இறுகாமல் இருக்க அவரே மண்வெட்டியை வாங்கிப் புரட்டிக்கொண்டிருந்தார். புரட்டுகிற சத்தம் கனமாகிக்கொண்டே போனது. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். மேகம் விலகி, வெயில் சுவரில் இறங்கி, பாத்திக்கு வந்தது. ஓரத்துச் செடியில் ஒரு பூ மெல்ல வாயைத் திறந்தது. பிறகு பக்கத்துச் செடி. பிறகு எது முன், எது பின் என்றே தெரியவில்லை. கொத்தனாரின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. ஜெயித்துவிட்டேன். தெருவே கேட்கும்படி கத்தியிருப்பேன். அடக்கிக்கொண்டதில் கண்ணில் தண்ணீர் வந்தது.

"மண் உன்னுதுதாம்மா," என்றார் மாமனார்.

கலவை வீணாகிறதே என்று கொத்தனார் முனகினார். மாமனாரா அதற்கு விடுவார்? மீந்துபோன செங்கல்லை அடுக்கி, பாத்தியைப் பார்த்தபடி உட்கார ஒரு திண்டு கட்டி, தன் கையாலேயே பூசி முடித்தார். பிறகு நனைத்த சாக்கை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து நின்றார்.

"இதுக்குப் போடலாமில்லம்மா?"

"தாராளமா போடுங்க மாமா," என்றேன்.