இருநூறு ஒட்டு நாற்றுகள்

கணவன் இறந்த பத்தொன்பதாம் நாள் காலை, பயிர் ஆராய்ச்சி நிலையத்து வேன் வாசலில் வந்து நின்றது. இறங்கிய பெண், திண்ணையில் உட்கார்ந்திருந்த அவளிடம், வீட்டுக்காரர் இருக்கிறாரா என்று விசாரித்தாள்.

"இல்லை."

"எப்ப வருவாருக்கா?"

நாத்தனார்தான் வெளியே வந்து சொன்னாள்: மாரடைப்பு, தோட்டத்திலேயே, தூக்கிக்கொண்டு ஓடக்கூட நேரமில்லை. ஆராய்ச்சிக்காரி வேன் கதவைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே தட்டுத் தட்டாக இருநூறு தக்காளி நாற்றுகள்.

மூன்று போகமாக அவர்கள் தக்காளியை வாடல் நோய் வாரிக்கொண்டு போயிருந்தது. காலையில் பச்சைப்பசேலென்று நின்ற செடி சாயங்காலம் தலை தொங்கிவிடும். கிருமி மண்ணில் இருந்தது, எந்த மருந்துக்கும் மசியவில்லை. அவர் யாரிடமும் சொல்லாமல் நிலையத்துக்குப் போய்ப் பேசிவிட்டு வந்திருக்கிறார். இந்த ஒட்டு நாற்றுகளின் வேர் காட்டுக் கத்தரியுடையது, மேல்பாதிதான் தக்காளி. அந்த வேர் கிருமியைத் தாங்கும் என்று நிலையத்தில் கண்டிருந்தார்கள். நோய் கண்ட நிலத்தில் நட்டுப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன் என்றாள் ஆராய்ச்சிக்காரி.

"அவர் கேட்டதா இது?"

"ஆமாக்கா."

"அப்ப நட்டுட்டுப் போங்க."

ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்திலேயே சாதா நாற்றும் இருநூறு நட்டார்கள். ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்குள் போகக் கூடாது, போனால் தக்காளி தனி வேர் விட்டு நோய் ஏறிவிடும் என்பதை மட்டும் அவள் மனதில் வாங்கிக்கொண்டாள். தினமும் தண்ணீர் பாய்ச்சினாள். நாத்தனார் தட்டு வைத்தால் சாப்பிட்டாள், என்ன சாப்பிட்டாள் என்று கேட்டால் தெரியாது. மனதைத் தேற்றிக்கொள்ளச் சொன்னவர்களுக்கெல்லாம் தலையாட்டினாள். அழுகை வரவில்லை. வராததைப் பற்றிய கவலையும் வரவில்லை.

ஏழாவது வாரம் சாதா செடிகள் சாயத் தொடங்கின. ஆராய்ச்சிக்காரி வந்து ஒரு தண்டை வெட்டித் தண்ணீர் டம்ளரில் நிறுத்தினாள். வெள்ளை இழை ஒன்று பால்போலக் கீழிறங்கியது. அதுதான் கிருமி என்றாள். மாதக் கடைசியில் எண்ணினார்கள். சாதாவில் முப்பத்தொன்று மிச்சம். ஒட்டில் நூற்று எண்பத்தெட்டு.

ஆராய்ச்சிக்காரி வாய்விட்டுச் சிரித்தாள். சட்டென்று நிறுத்தி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சிரிங்க. எனக்கு ஒண்ணுமில்லை."

அவள் பொய் சொல்லவில்லை. காய்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. ஒன்றைப் பறித்துக் கடித்தாள். தக்காளி என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

அறுவடை முடிந்ததும் ஆராய்ச்சிக்காரி தாளுடன் வந்தாள். சோதனை செய்த விவசாயி என்ற இடத்தில் அவர் பெயர் முன்பே எழுதியிருந்தது. அதை அப்படியே விடட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"விடுங்க. கீழே என் பேரையும் போடுங்க. தண்ணி பாய்ச்சினது நான்."

ஆராய்ச்சிக்காரி எழுதி முடிக்கும்வரை தாளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நிலையத்தில் மூன்று நாள் ஒட்டுக்கட்டக் கற்றுக்கொண்டாள். அடுத்த போகத்துக்குள் அக்கம்பக்கத்தில் ஐந்து பேர் நாற்றுக் கேட்டு வந்தார்கள். சமையலறையை ஒட்டிய நிழலில் உட்கார்ந்து அவள் தண்டைச் சரிவாகச் சீவ, நாத்தனார் கிளிப் மாட்டினாள்.

"கத்தரிக்கும் தக்காளிக்கும் முடிச்சுப் போடுற கல்யாணத் தரகர் ஆயிட்டோம் அண்ணி."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "கிளிப்பை இறுக்காதே, தண்டு நசுங்கிடும்," என்று சொல்லிவிட்டு அடுத்த நாற்றை எடுத்தாள்.