இருமலே வராத அண்ணா

சுதீருக்குச் சிகரெட் பிடிக்காது. ஆனால் முனிராஜின் கடை பிடிக்கும்.

கல்லூரி கேட்டுக்கு எதிரே மழைமரத்தடியில் இருந்த அந்தப் பெட்டிக்கடையில்தான் மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கலின் முக்கியமான விஷயமெல்லாம் முடிவாகும். எந்த கிளாஸை மட்டம் போடுவது, இன்டர்னல்ஸில் என்ன கேட்பார்கள், பிராஜெக்டுக்கு யார் யாரோடு சேர்வது, எல்லாம் அங்கேதான். பீரியட் முடிந்ததும் ரங்கா எழுந்து, "ஒரு தம் போட்டுட்டு வர்லாமா?" என்பான். ஏழெட்டுப் பேர் பின்னாலேயே போவார்கள். சுதீர் காலி பெஞ்சுகளுக்குத் துணையாக உட்கார்ந்திருப்பான்.

தொண்ணூற்றெட்டு ஆகஸ்டில் பிராஜெக்ட் குழுக்கள் அவன் இல்லாமலேயே அமைந்துவிட்டன. யாருக்கும் வேண்டாத இரண்டு பேரோடு அவனைச் சேர்த்திருந்தார்கள். அன்று மதியம் அவனும் கடைக்குப் போனான்.

ரங்கா ஆச்சரியப்படவில்லை. "வா குரு," என்று ஒரு சிகரெட்டை நீட்டினான். கடையோரம் தொங்கிய கயிற்றின் கங்கில் சுதீர் அதைப் பற்றவைத்துக்கொண்டான். முதல் இழுப்பிலேயே தொண்டை எரிந்தது. வந்த இருமலைப் பாடுபட்டுத் தும்மலாக மாற்றினான்.

மறுநாளே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டான். புகையைக் கன்னத்தோடு நிறுத்தி, சூடான பாலை ஊதுவதுபோல் வெளியே விட்டுவிடுவது. ஒரு சிகரெட்டுக்கு இரண்டு முறை அப்படிச் செய்தால் போதும். மீதி நேரம் அது விரலிடுக்கில் தன்பாட்டுக்கு எரியும். சாம்பல் தட்டுவதில் மட்டும் அவன் குறையே வைக்கவில்லை. தலையைச் சாய்த்து, ஆட்காட்டி விரலால் அவன் தட்டும் அழகைப் பார்த்தால் பிறக்கும்போதே சிகரெட்டோடு பிறந்தவன் என்றுதான் தோன்றும்.

வீட்டில் அம்மா கோமளம் சட்டையை முகர்ந்து பார்த்தாள். "பக்கத்துல நின்னவன் ஊதினான்மா," என்றான். முக்கால்வாசி உண்மைதான்.

உத்தமன் என்றொரு முதலாண்டு மாணவன். வாணியம்பாடிப் பக்கம், ஹாஸ்டல்வாசி. தீபாவளி லீவு முடிந்ததும் அவனும் கடைக்கு வர ஆரம்பித்தான். ஒவ்வொரு இழுப்புக்கும் கண்ணில் தண்ணீர் வர இருமுவான். இருந்தும் தவறாமல் வருவான். ஒரு வெள்ளிக்கிழமை, எல்லோரும் நிற்கும்போது சுதீரிடம் வந்தான்.

"அண்ணா, ஒண்ணு கேக்கணும். உங்களுக்கு மட்டும் எப்படிண்ணா இருமலே வர்றதில்ல?"

"அது... பழக்கம்தான்."

"உங்களப் பாத்துதாண்ணா ஆரம்பிச்சேன். ஹாஸ்டல் ஜன்னல்ல இருந்து பாத்தா நீங்க நிக்கிறது தெரியும். ரங்காண்ணா எல்லாம் ரயில் எஞ்சின் மாதிரி ஊதுறாங்க. உங்க ஸ்டைலே தனி. எனக்கு மட்டும் ஏண்ணா நெஞ்சு இப்படி எரியுது?"

சுதீர் சாம்பலைத் தட்டினான். "எரிஞ்சா விட்டுடேன்பா."

"நீங்க விட்டீங்களா? ஒரே ஒரு தடவ நல்லா உள்ள இழுத்துக் காட்டுங்கண்ணா. பாத்துக் கத்துக்கிறேன்."

"காட்டு குரு, பையன் ஆசையா கேக்கறான்!" என்றான் ரங்கா. எல்லோரும் வட்டமாக நின்றுகொண்டார்கள். முனிராஜ்கூட பிஸ்கட் ஜாடிகளுக்கு மேலே தலையை நீட்டினார்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் சுதீர் வாயைத் திறந்தான். அத்தனை கண்களையும் பார்த்ததும், திறந்த வாயில் சிகரெட்டை வைத்து, இருந்த மூச்சையெல்லாம் கூட்டி இழுத்தான்.

அடுத்து நடந்ததில் பாதி அவனுக்கு ஞாபகமில்லை. மரம் ஒரு சுற்றுச் சுற்றியது. இருமிய இருமலில் சோடா கிரேட் மேல் உட்கார்ந்தான், அது சரிந்தது. மதியம் சாப்பிட்ட பிஸிபேளேபாத் முழுவதும் ரங்காவின் புது வெள்ளை ஷூவில் இறங்கியது.

ரங்கா ஷூவையும் பார்த்தான், சுதீரையும் பார்த்தான். "டேய், இத்தனை நாளா என்கிட்ட சிகரெட் வாங்கி என்னடா பண்ணிட்டிருந்தே?"

"எரிச்சிட்டிருந்தேன்," என்றான் சுதீர், தரையில் கிடந்தபடியே.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உத்தமன் மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்ததைக் கீழே போட்டு மிதித்துவிட்டு ஹாஸ்டலுக்குப் போய்விட்டான்.

சாயங்காலம் சுதீர் அவன் அறைக்குப் போனான். உத்தமன் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"என்கூட பேசாதீங்கண்ணா."

"பேசல. காபி குடிக்கலாம் வா."

"அந்தப் பக்கம் வரமாட்டேன். கடையப் பாத்தா கை தானா நீளுது. நீங்க சும்மா நடிச்சீங்க. எனக்கு நெஜமாவே ஒட்டிக்கிச்சு."

சுதீர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். தான் ஏமாற்றியதில் யாருக்கும் நஷ்டமில்லை என்று அதுவரை நினைத்திருந்தான்.

அன்றிலிருந்து இருவரும் பின் கேட் வழியாகப் போய், அங்கிருந்த தர்ஷினி ஓட்டலில் நின்றபடி, ஒரு காபியை இரண்டாகப் பிரித்து பை-டூ காபி குடித்தார்கள். உத்தமன் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வான். கையைச் சும்மா விட்டால் அது சிகரெட் தேடிப் பாக்கெட்டைத் தடவும். நடுநடுவே வழுக்கி விழுந்து ஒரு சிகரெட் பிடித்துவிடுவான். விழுந்த மறுநாள் அவனே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து சொல்வான். சுதீர் திட்டாமல் ஒரு வடை வாங்கிக் கொடுப்பான். அடுத்த செமஸ்டர் தொடங்கும்போது உத்தமன் ஒரு கையால் டம்ளரைப் பிடித்தான்.

அதற்குள் மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தர்ஷினிக்கு வர ஆரம்பித்திருந்தார்கள், வடைக்காகத்தான். ஒருநாள் ரங்காவும் வந்தான். பாதிக் காபியில் டம்ளரை வைத்துவிட்டு, "தம்முக்கு யார் வர்றீங்க?" என்று கேட்டான். யாரும் டம்ளரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. வாசல்வரை போய்க் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான்.

"காபி ஆறுதுண்ணா," என்றான் உத்தமன்.

படிப்பு முடியும்வரை ரங்கா சிகரெட்டை விடவில்லை. தனியாக நின்று ஊதுவது செம போர் என்று மட்டும் எல்லோரிடமும் புலம்பினான். அந்த போரடிப்பிலேயே சிகரெட் கொஞ்சம் குறைந்தும் போனது.