முன்கூட்டியே போட்ட கையெழுத்து

ரமணி மேடம் எங்கள் வகுப்புக்குள் நுழைந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை வெளியே காட்டாமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கிள்ளானில் சமூகக் கல்லூரி. மருந்தக உதவியாளர் பயிற்சி தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. இருபது வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே நாற்பத்து மூன்று வயதில் நான் ஒருத்திதான் கிழவி என்று நினைத்திருந்தேன். ஐம்பத்தாறு வயதில் இன்னொருவர் வந்து, இடம் தேடி, கடைசியில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மலரு! நீயும் இங்கயா? நல்லதாப் போச்சு லா. தெரிஞ்ச மொகம் ஒண்ணாச்சும் இருக்கே."

நல்லதாகத்தான் போயிற்று. யாருக்கு என்பதுதான் கேள்வி.

ரமணி மேடம் யார் என்று சொல்லிவிடுகிறேன். கிள்ளானில் ஒரு டாக்டரின் மனைவி. அவர்கள் கிளினிக்கின் மருந்து கவுண்டரில் நான் பதினான்கு வருடம் நின்றேன். பெரிய கேனில் வரும் சிரப்பை ஞாயிற்றுக்கிழமைகளில் மேடம் சின்ன பாட்டில்களில் ஊற்றி வைப்பார். பாட்டிலில் ஒட்டும் ஸ்டிக்கரில், சரிபார்த்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நான் வருவதில்லை. அதனால் சனிக்கிழமையே இருநூறு ஸ்டிக்கரில் கையெழுத்துப் போட்டு மேசையில் வைத்துவிட்டுப் போவேன். அதுதான் எங்கள் கிளினிக்கின் வழக்கம்.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழந்தைகளுக்கான காய்ச்சல் சிரப் பாட்டில்களில் பெரியவர்களுக்கான இரட்டிப்பு வீரியமுள்ள சிரப்பை மேடம் ஊற்றிவிட்டார். இரண்டும் ஆரஞ்சு நிறம். அதில் ஒரு பாட்டில் நான் இருக்கும் அடுக்குமாடி பிளாட்டிலேயே மூன்றாம் மாடியில் இருக்கும் தனலெட்சுமியின் குழந்தைக்குப் போனது. பதினான்கு மாதக் குழந்தை. ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தது.

விசாரணை என்று வந்தபோது மேடம் பாட்டிலைத் திருப்பிக் காட்டினார். "யாரு சைனு பாருங்க. நான் என்னாத்த சொல்றது?" என்றார். நான் ஊற்றவில்லை என்று அழுதேன். யார் கேட்டார்கள்? அன்று மாலையே வேலை போயிற்று. பிறகு மூன்று வருடம் தெலுக் பங்லிமா காராங் என்ற ஊரில் கையுறைத் தொழிற்சாலையில் பெட்டி கட்டினேன். வேலை போனதுகூடப் பெரிதில்லை. தனலெட்சுமி என்னைக் கண்டால் லிப்டுக்குள் ஏறாமல் படிக்கட்டில் போகிறாள். குழந்தையைக் கொல்லப் பார்த்தவள் என்று பிளாட் முழுக்கப் பேச்சு. அந்தப் பேச்சைத் துடைக்க வேண்டும் என்றுதான் இந்தப் படிப்பில் சேர்ந்தேன்.

யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும். டாக்டர் பக்கவாதத்தில் படுத்துவிட்டார். கிளினிக்கை ஒரு கம்பெனி வாங்கிக்கொண்டது. சர்டிபிகேட் இல்லாதவர் மருந்து கவுண்டரில் நிற்கக் கூடாது என்று கம்பெனி சொல்லிவிட்டது. தன் சொந்தக் கிளினிக்கிலேயே வேலைக்கு நிற்கத்தான் மேடம் படிக்க வந்திருந்தார்.

இயற்பியலும் செய்முறையும் எங்களுக்கு ஜுஹைர் சார். முதல் பாடமே அளவெடுப்பது. கண்ணாடிக் குவளையில் திரவம் நடுவில் குழிந்து நிற்கும். அந்தக் குழிவின் அடிமட்டத்துக்கு நேராகக் கண்ணைக் கொண்டுபோய் அளவைப் படிக்க வேண்டும். மேலே நின்று பார்த்தால் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும்.

"குனியணும்," என்பார் சார். "மருந்து முன்னால யாரா இருந்தாலும் குனிஞ்சுதான் ஆகணும்."

மேடத்துக்கு முட்டி வலி. அதைவிடக் குனிந்து பழக்கமில்லை. நின்றபடியே அளவைப் படிப்பார், தப்பாகச் சொல்வார், பிள்ளைகள் சிரிப்பார்கள். அடர்த்தி, அழுத்தம் எதுவும் அவருக்கு ஏறவில்லை. நானும் முதல் தேர்வில் கோட்டை விட்டவள்தான். ஆனால் அவர் பக்கத்தில் உட்கார்ந்த நாளிலிருந்து வெறி பிடித்ததுபோல் படித்தேன். அடுத்த தேர்வில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தேன். "எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடு லா" என்று மேடம் கேட்கும்போதெல்லாம் இனித்தது.

செய்முறையில் இருவர் இருவராக வேலை. ஒருவர் மருந்தை அளந்து ஊற்ற வேண்டும், மற்றவர் சரிபார்த்து ஸ்டிக்கரில் கையெழுத்திட வேண்டும். பார்க்காமல் கையெழுத்துப் போட்டவர் அன்றைக்கே பயிற்சியை விட்டு வெளியே போகலாம் என்று செய்முறை தொடங்கிய அன்றே சார் சொல்லியிருந்தார். மேடம் என்னோடுதான் ஜோடி சேர்ந்தார்.

இறுதிச் செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள், வகுப்பு முடிந்ததும், மேடம் ஓர் உறையை என் கையில் வைத்தார்.

"இருவது ஸ்டிக்கர். எல்லாத்துலயும் சைன் போட்டுட்டேன். நாளைக்கு நீ ஊத்து, நீயே ஒட்டிக்க. இருவது தடவ என்னால குனிய முடியாது லா. நீதான் கெட்டிக்காரியாச்சே, தப்பு வராது."

அந்த அம்மாளுக்கு எதுவுமே நினைவில்லை! என் வாழ்க்கையைக் கவிழ்த்த அதே காரியத்தைச் சிரித்துக்கொண்டே செய்கிறார். கரும்பு தின்னக் கூலியா? உறையைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தேன். கார் நிறுத்துமிடம்வரை கூடவே போனேன்.

"மேடம், இது இப்பவே சார் மேசைக்குப் போகும். இல்லேன்னா நீங்க என்கூட தனலெட்சுமி வீட்டுக்கு வரணும். அந்த மருந்த யாரு ஊத்துனான்னு உங்க வாயால சொல்லணும். சொன்னா இத உங்க கையில குடுத்துடறேன்."

"அது முடிஞ்சு போன கத மலரு."

"எனக்கு முடியல."

மேடம் கார்க் கதவைத் திறந்தார்.

தனலெட்சுமி கதவைப் பாதிதான் திறந்தாள். அவளுக்குப் பின்னால், அன்று பிழைத்த அந்தக் குழந்தை, கிஷன், தரையில் உட்கார்ந்து கிரேயானால் எதையோ தீட்டிக்கொண்டிருந்தான். மேடம் தலையைக் குனிந்தபடி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஊற்றியது தான், கேன் மாறிவிட்டது, மலர் அன்று வேலைக்கே வரவில்லை, ஸ்டிக்கர் முன்பே கையெழுத்துப் போட்டு வைத்தது. ஒன்று விடாமல் சொன்னார். நான்கு வருடமாக நான் காத்திருந்த வார்த்தைகள். பக்கத்து வீட்டுக் கதவும் திறந்திருந்தது எனக்குக் கூடுதல் திருப்தி.

தனலெட்சுமி மேடத்தைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"அப்ப நீங்க பாக்கவே இல்லயா?"

"நான் ஊத்தல தனம்..."

"யாரு ஊத்துனா எனக்கென்னா? இவங்க மொகத்தக்கூட நான் அன்னிக்குப் பாத்ததில்ல. மலரக்கா கையெழுத்து இருக்கு, அவங்களே கவுண்டர்ல எடுத்துக் குடுக்கறாங்கன்னு நம்பித்தான் புள்ள வாயில ஊத்துனேன். நீங்கதான் தெரியாம தப்பா ஊத்திட்டீங்கன்னு இத்தன நாளும் நெனச்சிருந்தேன். பாக்காமலே சைன் போட்டேன்னு இப்ப வந்து சொல்றீங்க. எத்தன வருஷம் அக்கா இப்படி?"

பதினான்கு வருடம். அவள் கதவைச் சாத்தினாள். சத்தம்கூடப் போடவில்லை.

கீழே வந்ததும் மேடம் கையை நீட்டினார். "நான் சொல்லிட்டேன்ல? குடு."

"குடுக்க மாட்டேன்."

"வாக்கு குடுத்தியே மலரு!"

"குடுத்தேன். காப்பாத்தப் போறதில்ல. நாளைக்குக் காலையில சார்கிட்ட இது போகும். என் கதையும் கூடவே போகும். என்னையும் வெளிய போகச் சொன்னா நானும் போறேன்."

"உனக்குப் பைத்தியமா? இவ்ளோ படிச்சிட்டு! அதுல உனக்கு என்னா கெடைக்கும்?"

"நீங்க மறுபடியும் அந்தக் கவுண்டர்ல நிக்க மாட்டீங்க. அது போதும்."

அவரைப் பழிவாங்க வேண்டும் என்ற எண்ணம் அப்போதும் எனக்குக் கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் அவரை மட்டும் தள்ளிவிட்டு நான் உள்ளே நின்றால், நாளைக்கு யாரோ ஒரு தாய் என் கையெழுத்தை நம்பிப் பிள்ளை வாயைத் திறப்பாள். அதை நினைத்தபோது எனக்கே என்மேல் ஆத்திரம் வந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு இருபது ஸ்டிக்கரையும் ஜுஹைர் சார் மேசையில் வரிசையாக அடுக்கினேன். கதவருகே மேடம் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். வராமல் இருந்தால் நான் என்னென்ன சொல்வேனோ என்ற பயம் அவருக்கு. சார் ஸ்டிக்கர்களைப் பார்த்தார், எங்கள் இருவரையும் பார்த்தார்.

"என்னம்மா இது? யாராச்சும் ஒருத்தர் மொதல்லேருந்து சொல்லுங்க."

நான்கு வருடமாக இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் ரமணி மேடத்தின் பெயரில்தான் நான் தொடங்குவேன். அன்று அந்தப் பெயர் வாயில் வரவில்லை.

"கிஷன்னு ஒரு புள்ள, சார்," என்றேன். "அவனுக்கு நான்தான் மருந்து எடுத்துக் குடுத்தேன்."