ராணியின் கன்னத்தில் கீறல்

...தொடாமலே இருந்திருக்கலாம், அழுக்கு என்றுதானே நினைத்தாள், அப்பாவின் வெள்ளி நாணயத்தில் ராணியின் கன்னத்தைச் சுற்றி எண்ணெய் படர்ந்த மாதிரி நீலமும் ஊதாவுமாய், அந்த நிறம்தான் அதன் அழகே என்று அப்பா ஒருநாளாவது சொல்லித் தொலைத்திருந்தால்... சொல்லியிருப்பார், அவள்தான் காதில் வாங்கியிருக்க மாட்டாள். ஒரு துளி பற்பசை, பழைய பனியன் துணி, பளபளவென்று ஆனதும் அப்பா அசந்துபோவார் என்று என்ன சந்தோஷம்! இப்போது லென்ஸ் மாமா மேஜை விளக்கடியில் குனிந்திருக்கிறார், அப்பாவின் சிநேகிதர், கண்காட்சிக்கு நாணயம் தேர்ந்தெடுப்பவர், அவர் தலையாட்டினால்தான் இது கண்ணாடிப் பெட்டிக்குள் போகும், அப்பா பெயரோடு. ஏன் இன்னும் நிமிரவில்லை? புரூஃப் நாணயம், கடைத்தெருவையே பார்க்காதது, மெருகேற்றிய அச்சில் தனியாக அடித்தது, குனிந்தால் முகம் தெரியும், நூற்றைம்பது வருஷமாக ஒரு விரல் படவில்லை என்று அப்பா கையுறை போட்டு ஓரத்தை மட்டும் பிடித்து, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு... அவளோ அதன்மேல் ஹா என்று ஊதித் தேய்த்திருக்கிறாள்.

"என்னடா இது, பாத்திரம் விளக்குற மாதிரி விளக்கி வச்சிருக்கு? பூராவும் வட்ட வட்டமா கீறல். போச்சு," என்றார் மாமா. சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு, அப்பா லென்ஸை வாங்கிப் பார்க்கிறார், பார்த்துக்கொண்டே இருக்கிறார், கழுத்து நரம்பு புடைக்கிறது, இதோ திரும்பப்போகிறார்... "நான்தான்டா," என்றார் அப்பா மாமாவிடம். "கண்காட்சின்னதும் புத்தி பேதலிச்சுப்போச்சு." "நீயா? தொடாதே தொடாதேன்னு எங்க உயிரை எல்லாம் எடுப்பியே, நீயா?" மாமா விழுந்து விழுந்து சிரித்தார், அப்பாவும் கூடவே சிரித்தார், அந்தச் சிரிப்பைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை, திட்டுக்குத் தயாராக இருந்தாள், அறைக்குக்கூட, இதற்கு இல்லை. அவள்தான் தேய்த்தாள் என்று அப்பாவுக்கு எப்படித் தெரிந்தது? பற்பசை வாசனை அடித்ததோ? இல்லை, அவள் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்ததோ?

"இந்தா பாப்பா, உள்ள வை." அப்பா அவளைப் பார்க்காமலே நீட்டினார். கையுறை மேஜைமேலேயே கிடந்தது. வெறும் கை. கட்டைவிரல் ராணியின் முகத்தின்மேல் அழுத்தமாய், சில்லறைக் காசைப் பிடிக்கிற மாதிரி... அன்றைக்குத் தேய்த்தபோது சில்லென்று இருந்தது, இப்போது அவர் கைச்சூட்டோடு அவள் உள்ளங்கையில் விழுந்தது, மூடலாமா வேண்டாமா என்று தெரியாமல் அவள் விரல்களை விரித்தபடியே நின்றாள்...