அதிக நேரம் நடந்தவள்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குத்தான் அவமானம்.

என் அக்கா மகள் ஒரு விடுதிப் பள்ளியில் படிக்கிறாள். பருவம் முடிந்ததும் அங்கிருந்து ஒரு புத்தகம் வரும். படிப்பு, விளையாட்டு, தொண்டு என்று மூன்று பகுதி, வழவழப்பான தாள். இந்த முறை அக்கா அதை எனக்கு அனுப்பி, முப்பத்தோராம் பக்கத்தைப் பார்க்கச் சொன்னாள். 'விடுதியின் சிறந்த திரைச்சீலைப் பராமரிப்பாளர்' என்று மகளைப் பற்றி ஒரு வரி. அக்கா அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டாளாம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

நான் புத்தகம் முழுவதையும் படித்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள், ஒருவர்கூடத் தோற்கவில்லை. பத்து வருடம் பள்ளிக்கூடம் போயும் வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் பெயர் வராதவன் நான். வயிறு எரிந்தது. எரிந்து ஓய்ந்த பிறகு வேறு ஒரு கேள்வி வந்தது: இந்த இருநூற்றுப் பன்னிரண்டு வரிகளையும் யாரோ ஓர் ஆள் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டு எழுதியிருக்க வேண்டுமே, யார் அது?

(விசாரிக்கவில்லை. நான் சோம்பேறி. நாற்காலியில் சாய்ந்தபடி கற்பனை செய்தேன்.)

2

முதல் தொடக்கம்: 'மணி அடித்தது. நீண்ட தாழ்வாரத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு ஜோடிக் காலணிகள்—'

வேண்டாம். எல்லாப் பள்ளிக் கதையிலும் மணி அடிக்கிறது.

இரண்டாம் தொடக்கம்: 'நூலகர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முப்பது ஆண்டுகள் எப்படி ஓடிவிட்டன என்று—'

ஐயோ. அவருக்கு வயது நாற்பத்தொன்று, கண்ணாடியே கிடையாது. நேராகவே சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பள்ளியின் நூலகர் புத்தகங்களுக்கு எண் ஒட்டுவார், கிழிந்ததைத் தைப்பார், பிள்ளைகள் பேசினால் 'உஷ்' என்பார். அவ்வளவுதான் அவருடைய வேலை என்பது மற்றவர்களின் எண்ணம். "புத்தகம் எங்கயும் ஓடிப்போயிடாது மேடம், இத நீங்க எழுதிடுங்க" என்று தலைமையாசிரியர் பருவ இறுதி அறிக்கையை அவர் தலையில் கட்டி ஆறு வருடம் ஆகிறது.

நிறைவு நாளில் பெற்றோர்கள் அரங்கில் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு பிள்ளையாக மேடை ஏற, அந்தப் பிள்ளைக்கான வரியைத் தலைமையாசிரியர் வாசிப்பார். ஒருவருக்கு எழுதியதை இன்னொருவருக்கு எழுதக் கூடாது. 'முதல்', 'சிறந்த', 'அதிக' என்ற மூன்றில் ஒரு சொல்லாவது வரியில் இருந்தே ஆக வேண்டும். இது தலைமையாசிரியரின் மூன்று சொல் விதி. அந்தச் சொற்கள் இல்லாத வரிக்குப் பெற்றோர் கைதட்டுவதில்லை என்று அவர் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

பத்தொன்பது கோல் விட்ட பையனை நூலகர் 'அதிகப் பந்துகளைத் துணிவுடன் எதிர்கொண்ட கோல்கீப்பர்' ஆக்கினார். சாப்பாட்டு மணிக்கு முன்பே தட்டோடு நிற்பவன் 'நேரந்தவறாமையில் முதல்வன்' ஆனான். வகுப்பில் வாயே திறக்காத பெண், 'சிறந்த செவிமடுப்பாளர்'. இவற்றில் ஒன்றுகூடப் பொய் இல்லை. அவருடைய கர்வமே அதில்தான் இருந்தது. ஆறு வருடத்தில் ஒரு பொய் எழுதியதில்லை. உண்மைக்கு இஸ்திரி போட்டுக் கொடுப்பார், அவ்வளவுதான்.

3

இந்தப் பருவம் இருநூற்றுப் பதினொரு வரிகள் முடிந்துவிட்டன. மிச்சம் ஒன்று. ஒன்பதாம் வகுப்புப் பெண், விடுதியில் பட்டப்பெயர் லேட்டு.

இந்த லேட்டுவோடு நான் மூன்று நாள் மல்லுக்கட்டினேன். எங்கேயும் பிந்தி வருகிறாள் என்றால் ஒரு காரணம் வேண்டாமா? இதயத்தில் ஓட்டை என்று எழுதி அடித்தேன். அப்பா இறந்த துக்கம் என்று எழுதி அதையும் அடித்தேன். பாவம், அந்த மனிதர் எங்கோ நன்றாக இருக்கிறார். கடைசியில் ஒத்துக்கொண்டேன். அவளுக்கு ஒரு குறையும் இல்லை. மெதுவான பிள்ளை. பல் தேய்ப்பதும் மெதுவாக, கணக்குப் போடுவதும் மெதுவாக. ஒரு நூலகப் புத்தகத்தை மூன்று வாரம் வைத்திருப்பாள். திருப்பித் தரும்போது, "இதுல அந்த நாய் செத்ததுக்கு அப்புறம் யாருமே அதப் பத்திப் பேசல மிஸ்" என்கிற மாதிரி ஏதாவது சொல்லிவிட்டுப் போவாள். நூலகருக்கு அவளை மிகவும் பிடிக்கும். வெளியில் காட்டிக்கொள்ள மாட்டார்.

4

அந்தப் பருவத்தின் தொண்டு, ஒரு நடை. பத்து கிலோமீட்டரையும் நடந்து முடிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு போர்வையைத் துணி ஆலை ஒன்று மருத்துவமனைக்குக் கொடுக்கும். ஏற்பாடு விளையாட்டு ஆசிரியருடையது. அவரை எல்லோரும் விசில் சார் என்பார்கள். அவர் தூங்கும்போதும் விசில் கழுத்தில் இருக்கும் என்பது விடுதியின் நம்பிக்கை.

பகல் பன்னிரண்டுக்கு விசில் சார் முடிவுக் கோட்டைச் சுருட்டினார், பட்டியலை மூடினார், பிள்ளைகளை வண்டிகளில் ஏற்றினார். தண்ணீர் டிரம்முக்கும், தண்ணீர் ஊற்றிக் கொடுக்க வந்திருந்த நூலகருக்கும் வண்டியில் இடம் இல்லை. "அடுத்த டிரிப்புல அனுப்புறேன் மேடம்!"

ஒன்றே முக்காலுக்கு லேட்டு வந்தாள். ஓடவில்லை, நொண்டவில்லை, அழவில்லை. காலையில் கிளம்பிய அதே வேகம். கோடு இருந்த இடத்தில் சுண்ணாம்புத் தூள்தான் இருந்தது. அதைத் தாண்டி வந்து நின்றாள்.

"முடிஞ்சிது மிஸ்."

"தண்ணி குடி."

"என் போர்வையும் உண்டுதானே மிஸ்?"

"உண்டு" என்றார் நூலகர். பட்டியல் மூடியாகிவிட்டது அவருக்குத் தெரியும். நாளைக்குச் சொல்லிச் சேர்த்துவிடலாம் என்று நினைத்தார். இரண்டு பேரும் கவிழ்த்த வாளிகளில் உட்கார்ந்து வண்டிக்காகக் காத்திருந்தார்கள். அதிகம் பேசவில்லை. நூலகருக்கு அந்தப் பருவத்திலேயே நிம்மதியான ஒரு மணி நேரம் அது.

5

ஆக, இருநூற்றுப் பன்னிரண்டாவது வரி: 'தொண்டு நடையின் பத்து கிலோமீட்டரையும் நடந்து முடித்தாள்.'

தாள் சிவப்பு மையோடு திரும்பி வந்தது. பின்னாலேயே தலைமையாசிரியரும் வந்தார்.

"மூணு சொல்லுல ஒண்ணுகூட இல்லையே மேடம்?"

"முழுசா நடந்தா சார். பாதிப் பேர் நடக்கல."

"நடக்கத்தானே கூட்டிட்டுப் போனோம்? முடிக்கிறது கடமை. சாதனையா ஏதாவது எழுதுங்க. அச்சகத்துக்காரர் வெளிய நிக்கிறாரு."

நூலகர் பேனாவைத் திறந்தார். 'தொண்டு நடையில் அதிக நேரம் நடந்தவள்.' விதிக்கு விதி, உண்மைக்கு உண்மை. ஒரு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அரங்கம் அவருக்குக் கேட்டது. முதலில் பின்வரிசைப் பையன்கள் சிரிப்பார்கள், பிறகு அப்பாக்கள், பிறகு கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு அம்மாக்கள். நடுவில் லேட்டு நிற்பாள், இறங்கவும் நேரமாகும்.

நூலகர் அதை அடித்தார். எழுதினார்: 'தொண்டு நடையில், வழியில் விழுந்த சக மாணவியைத் தாங்கிச் சென்று, அதனால் பிந்தி வந்த சிறந்த மனிதநேயர்.'

தலைமையாசிரியரின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா? இத வெச்சுக்கிட்டு ஏன் மேடம் இவ்வளவு நேரம் மறைச்சீங்க?"

எனக்கு நூலகரைக் குறை சொல்ல யோக்கியதை இல்லை. என் முதல் வரைவில் லேட்டு நிஜமாகவே ஒருத்தியைத் தாங்கிக்கொண்டு வந்தாள். படித்துவிட்டு என் மனைவி, "நல்ல பொண்ணு" என்றாள். "தாங்கலைன்னா?" என்று கேட்டேன். "தாங்கலைன்னா கதை எங்க இருக்கு?" என்றாள். தலைமையாசிரியர் பேசும் வசனங்களை அன்றைக்கே எழுதி முடித்தேன்.

6

நிறைவு நாள். திரைச்சீலை, கோல்கீப்பர், செவிமடுப்பாளர் எல்லோரும் மேடை ஏறி இறங்கினார்கள். லேட்டு ஏறினாள். வரி வாசிக்கப்பட்டது. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. மூன்றாம் வரிசையில் அவளுடைய அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

நூலகருக்கு அப்போது வந்தது, சொன்னால் நம்புங்கள், பெருமைதான். பயம் பிறகுதான் வந்தது.

தலைமையாசிரியர் உற்சாகத்தில் தாளை விட்டுத் தலையைத் தூக்கினார். "அப்படி விழுந்த மாணவி யாரு? இங்க இருக்காங்களா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவருக்கு இப்போது சோறும் பறிபோகிறது என்று நூலகர் கண்ணை மூடிக்கொண்டார்.

"நான்தான் சார்."

எழுந்து நின்றவள் பதினொன்றாம் வகுப்பு. கோப்பை என்று கூப்பிடுவார்கள். வாங்காத பரிசு இல்லை. அந்த நடையில் மட்டும் ஏழாவது கிலோமீட்டரில் விசில் சாரின் வண்டியில் ஏறிவிட்டாள் என்று விடுதியில் பல நாளாக முணுமுணுப்பு. வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்த கதை. "கால் சுளுக்கிடுச்சு சார். அவதான் என்னை வண்டி வரைக்கும் தாங்கிட்டுப் போனா." சொல்லும்போது குரல்கூடத் தழுதழுத்தது. விசில் சார் தலையை ஆட்டினார். ஆமாம், ஒரு பெண் ஏறினாள், அவருக்கும் நினைவு வந்துவிட்டது.

(நூலகரின் பொய்யை அவரைத் தவிர எல்லோரும் கண்ணால் பார்த்திருந்தார்கள்.)

லேட்டு மேடையில் நின்று கோப்பையைப் பார்த்தாள். தலைமையாசிரியரைப் பார்த்தாள். வழக்கம்போல அவளுக்கு நேரம் தேவைப்பட்டது. அதற்குள் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

7

அரங்கத்தின் பக்கவாட்டுப் படிகளில் அவள் நூலகரைப் பிடித்தாள்.

"மிஸ், நான் யாரையும் தாங்கலையே."

"தெரியும்மா."

"அந்த அக்காவ அன்னைக்கு நான் பாக்கவே இல்ல."

"தெரியும். உன்ன எல்லாரும்... நல்லதா ஒண்ணு இருக்கட்டும்னு நான்தான்—"

"நீங்க அங்கதானே மிஸ் இருந்தீங்க? நான் வந்தத நீங்க பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்."

லேட்டு யோசித்தாள். அவசரப்படாமல், சொல்லைத் தேடி எடுத்து, கேட்டாள்.

"நான் நடந்தது போதலையா மிஸ்?"

'போதும்' என்பது மூன்று எழுத்து. ஆறு வருடத்தில் ஆயிரக்கணக்கான வரிகள் எழுதிய கை.

அதற்குள் அம்மா வந்துவிட்டாள். மகளைக் கட்டிக்கொண்டு, நூலகரின் கையையும் பிடித்துக்கொண்டாள்.

"மிஸ், வீட்ல எல்லாரும் இவள மந்தம் மந்தம்னே சொல்லுவாங்க. இந்தத் தாள நாலு பேருக்குக் காட்டப் போறேன். கடைசி வரைக்கும் நீங்கதான் அங்க இருந்தீங்களாமே? இவ அந்தப் பொண்ணத் தாங்கிட்டுப் போனத நீங்க கண்ணால பாத்தீங்களா மிஸ்?"

8

இந்த இடத்தில் பதினோரு நாளாக மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

முடிவு ஒன்று: 'பாத்தேன்' என்கிறார். அம்மா தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போகிறாள். மந்தம் என்ற வாய்கள் மூடுகின்றன. அடுத்த பருவம் லேட்டு நூலகத்துக்கு வருகிறாள், புத்தகம் எடுக்கிறாள், திருப்பித் தருகிறாள். ஒன்றும் சொல்லாமல் போகிறாள்.

முடிவு இரண்டு: 'இல்லைங்க, நான் எழுதினது பொய்' என்கிறார். இன்னும் கன்னத்தில் ஈரம் காயாத அந்த அம்மாவிடம். அப்புறம் கோப்பை, அப்புறம் அச்சடித்த புத்தகம், அப்புறம் நூலகரின் வேலை. இதை எழுதினால் எனக்கு நல்ல பெயர் கிடைக்கும், விலையை அவர் கொடுப்பார்.

முடிவு மூன்று: லேட்டுவே, 'நான் தாங்கலம்மா, நடந்தேன்' என்று சொல்லிவிடுகிறாள். என் மனைவிக்குப் பிடித்தது இதுதான். எனக்கு இதுதான் பிடிக்கவே இல்லை. பெரியவர்கள் செய்த அசிங்கத்தை அந்தப் பிள்ளை ஏன் கழுவ வேண்டும்?

முடிவு நான்கு: 'பத்து கிலோமீட்டரையும் இவ நடந்தாங்க. நான் பாத்தேன். அத—'

இதை எழுத ஆரம்பிக்கும்போதெல்லாம் எனக்கே உறைக்கிறது. அந்த அம்மாவுக்கு இது போதுமா? எனக்குத் தெரியாது. உங்களுக்குப் போதுமா? நேர்மையாகச் சொல்லுங்கள். ஆறாம் பகுதியில் அரங்கம் எழுந்து நின்றபோது உங்களுக்கும் கொஞ்சம் சந்தோஷமாக இருந்ததல்லவா? எனக்கு இருந்தது. பொய் என்று தெரிந்தும் இருந்தது.

எனவே நான் முடிக்கப் போவதில்லை. அம்மா கேட்டுவிட்டாள், பதிலுக்குக் காத்திருக்கிறாள். அவள் பிடித்திருப்பது இப்போது உங்கள் கை. எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள். ஆனால் சொல்லும்போது அம்மாவின் முகத்தைப் பார்க்காதீர்கள். அவள் இடுப்பை ஒட்டி நின்றுகொண்டு உங்களையே பார்க்கும் மகளைப் பார்த்துச் சொல்லுங்கள். அவசரமில்லை. அவள் காத்திருப்பாள்.